பொட்டலத்திற்குக் கணக்கு எங்கே?

வானை முட்டும் கோபுரங்கள்! மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளும் பாதை! பௌர்ணமிதோறும் கடலெனத் திரளும் மக்கள்! திருவண்ணாமலையின் இந்தத் தோற்றத்தை நாடு அறியும். இன்று அந்நகருக்கு இன்னொரு தோற்றமும் உண்டு. செங்கம் சாலையிலே, போளூர் சாலையிலே, மாட வீதிகளிலே, முதுகில் பெட்டி சுமந்து வண்டியிலே பறக்கிறார்கள் இளைஞர்கள். ஒருவர் சட்டையிலே ஸ்விக்கி. மற்றவர் சட்டையிலே சொமேட்டோ. கைப்பேசியைத் தொட்டால் போதும், வாசலுக்கு வந்து நிற்கிறது உணவு!

வரட்டும்! வசதியை வெறுப்பவரல்ல நாம். வாடகை அறையிலே தங்கிப் படிக்கும் மாணவர், இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலியர், அடுப்பு மூட்டத் தெம்பில்லாத முதியோர் இவர்களுக்கெல்லாம் அது உதவிதான். "வீட்டிலே பெண்கள் சமைத்தால் என்ன?" என்று கேட்டு, அடுக்களைப் புகைக்குள்ளே மீண்டும் அவர்களைத் தள்ளுவதும் நம் நோக்கமல்ல. நாம் கேட்பது வேறு கேள்வி. பொட்டலத்திலே வருவது என்ன?

"இது தெரியாதா? பரோட்டா, பிரியாணி, பிரைட் ரைஸ்!" என்பார்கள். பெயர் தெரிகிறது. விலை தெரிகிறது. வண்டி எந்த முனையிலே திரும்புகிறது என்பதுகூடத் தெரிகிறது. பச்சைக் குறியிட்டுச் சைவம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். உப்பு எவ்வளவு? எண்ணெய் எவ்வளவு? புரதம் எவ்வளவு? அங்கேதான் பேச்சில்லை, மூச்சில்லை!

கடைக்குச் சென்று உண்பவனுக்குக் கண் இருந்தது. சட்டியைப் பார்த்தான், கறுத்த எண்ணெயைக் கண்டால் எழுந்து அடுத்த கடைக்கு நடந்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018 முதல் விதி உண்டு. கெட்டுப்போன சேர்மங்கள் அதிலே 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆனால், மூடி வந்த பெட்டியைத் திறந்து அதை எவர் அளப்பது? ஆறிய பிறகும் நாக்கிலே சுவை நிற்கவேண்டும் என்பதற்காக உப்பிலும் எண்ணெயிலும் கை தாராளமானால், அதை எவர் கண்டுபிடிப்பது? கண்ணைக் கட்டி வைத்துவிட்டு விருந்து படைக்கிறார்கள்!

இதே நாட்டிலே, ஏழைப் பிள்ளையின் தட்டைப் பாருங்கள். 1920-இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே சோறு போட்டது. 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. இன்று பள்ளி மதிய உணவுக்கு நாடு முழுதும் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். அதற்கடுத்த வகுப்பினருக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். இலவசமாகப் போடும் சோற்றுக்குக் கணக்கு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பொட்டலத்திற்குக் கணக்கு எங்கே?

வீண் பேச்சல்ல இது, உயிர்ப் பிரச்சினை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து, 2023-இல் வெளிவந்த ஆய்வு, தமிழகத்தின் வயது வந்தோரிலே நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு என்று கூறிற்று. நாட்டின் நோய்ச் சுமையிலே 56.4 விழுக்காடு தவறான உணவால் வருவது என்று 2024-இல் அக்கழகம் எச்சரித்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்போ முட்டையோ இறைச்சியோ, உப்பு 5 கிராமுக்குள் என்று அளவும் சொன்னது. பிரைட் ரைஸ் பொட்டலத்தைப் பிரியுங்கள். காய்கறியைத் தேட விளக்கு வேண்டும்!

வளமில்லாத மாவட்டமா இது? ஜவ்வாது மலையிலே சாமை விளைகிறது. சமவெளியிலே, புரதம் நிறைந்த மல்லாட்டை விளைகிறது. மண் தருவது சத்து. செயலி முன்னே நீட்டுவதோ தவிடும் நாரும் நீங்கிய மைதா!

சட்டம் இல்லையா? இருக்கிறது, அரைகுறையாக! உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதித்து, 2022-இல் நடைமுறைக்கு வந்த ஆணைப்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை பரப்பியவையும் கலோரி அளவைக் காட்டவேண்டும். செயலிகளும் அதை வாங்கி வெளியிடவேண்டும். பெருங்கடைகளுக்குச் சரி. தேரடி வீதியின் ஒற்றைக் கடைக்கு? அந்த விதி அதைத் தொடவே இல்லை. சிற்றூர் வயிறு வேறு வயிறா?

"சிறு கடைக்காரன் ஆய்வுக்கூடத்துக்கு எங்கே போவான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவன் தலையிலே சுமை ஏற்றச் சொல்லவில்லை நாம். 1918-இல் குன்னூரிலே தொடங்கி, 1958-இல் ஐதராபாத் சென்ற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 500-க்கு மேற்பட்ட உணவுப் பொருள்களின் சத்தை அளந்து 2017-இல் அட்டவணை வெளியிட்டிருக்கிறது. அதைக் கொண்டு இட்லிக்கும் பரோட்டாவுக்கும் பிரியாணிக்கும் பொது அளவு கணித்துத் தரட்டும் அரசு. வெளியிடும் பொறுப்பை ஏற்கட்டும், விற்பனைக்குப் பங்கு பெறும் செயலி நிறுவனம். முடியாத காரியமா? பண்டங்களின் புரதத்தையும் நார்ச்சத்தையும் பார்த்து மதிப்புக் குறி இடும் முறையை, 2025-இல் சொமேட்டோவே குருகிராமிலே தொடங்கியதே! குருகிராமுக்கு ஆனது அண்ணாமலை நகருக்கு ஆகாதா?

உண்பவனின் கண்ணைக் கட்டியது வணிகம். கண்ணுக்கு ஈடாக எண்ணைத் தரட்டும்! உப்புக்கு ஓர் எண், எண்ணெய்க்கு ஓர் எண், புரதத்துக்கு ஓர் எண், விலைக்குப் பக்கத்திலேயே, தமிழிலேயே! பார்த்த பிறகு பரோட்டாவைத்தான் கேட்பான் என்றால் கேட்கட்டும். அது அவன் உரிமை. பார்க்கவே விடாமல் ஊட்டுவது எவருடைய உரிமை?