தாயின் தட்டில் தொடங்கும் சிக்கனம்



பிள்ளை பிறந்த வீட்டைப் பார்க்கச் செல்வது நமது திருச்சபைக் குடும்பங்களில் நெடுநாளாக நிலவி வரும் நல்ல வழக்கம். அவ்வாறு சில வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். குழந்தைக்கு ஆறு வாரம். ஏணைக்குள் அது நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. மதிய உணவு வேளையாகையால் என்னையும் வற்புறுத்தி அமர்த்தினார்கள். கணவனுக்கு மீன், மாமிக்கு மீன், மூத்த மகனுக்கு முள் நீக்கிய மீன், விருந்தாளியான எனக்கும் ஒரு துண்டு. பரிமாறிய இளந்தாயின் தட்டில் மட்டும் சோறும் குழம்புமே இருந்தன.

“உமக்கு மீன் எங்கே பிள்ளை?” என்று கேட்டேன்.

“எனக்குக் குழம்பு போதும் அன்ரி. பிள்ளைக்குப் பால்மா வாங்க வேணும். ஏதாவது ஒன்றில மிச்சம் பிடிக்கத்தானே வேணும்” என்றாள்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் எவரும் அன்பில்லாதவர்கள் அல்லர். வருமானம் குறைவாக இருந்ததே தவிர, மனம் குறைவாக இருக்கவில்லை. ஆயினும் குடும்பத்தின் சிக்கனம் எந்த இடத்தில் தொடங்கியது என்பதை எவரும் கவனிக்கவில்லை. அவள் தன் தட்டிலிருந்து எடுத்ததைக் கொண்டு, தன்னிடமே இலவசமாக இருந்த ஒன்றுக்குப் பதிலாக ஒரு தகரப்பேணியை வாங்கிக்கொண்டிருந்தாள். இன்று உங்களோடு பேச விரும்புவது இதைப் பற்றியே.

பால்மாவின் கதையை நம் நாட்டினருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளில் ஒரு பைக்கற்றுக்காகக் கடை வாசல்களில் வரிசையில் நின்ற அனுபவம் அநேகருக்கு உண்டு. விலை ஏறியதும் சரக்கு இல்லாமற் போனதும் நமது கையில் இருந்த காரியங்கள் அல்ல. தாய்ப்பாலோ வரிசை அறியாதது. பிறந்தது முதல் ஆறு மாதம் பூர்த்தியாகும் வரை குழந்தைக்கு அது ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனமும் நமது சுகாதாரத் திணைக்களமும் ஒருமித்துக் கூறும் ஆலோசனை. பிறந்தவுடன் நாவில் தேன் தடவும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுவதே நல்லது. ஒரு வயதுக்கு முன்னர் தேன் குழந்தைக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

“எனக்குப் பால் போதவில்லை” என்பது இளந்தாய்மார் அநேகர் சொல்லும் முறைப்பாடு. குழந்தை அடிக்கடி அழுவதைக் கண்டு பயந்து, ஒரு போத்தல் பால்மா கரைத்துக் கொடுக்கிறார்கள். வயிறு நிறைந்த குழந்தை அடுத்த வேளை மார்பை நாடுவதில்லை. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். உறிஞ்சாதபோது சுரப்புக் குறையும். அடுத்த நாள் இரண்டு போத்தல்கள் தேவைப்படுகின்றன. இவ்வாறாக, இல்லாத குறை ஒன்று சில வாரங்களில் உள்ள குறையாகி விடுகின்றது. பால்மாவின் விலையோடு போத்தல், அதைக் கொதிக்க வைக்கும் எரிவாயு, நள்ளிரவில் எழுந்து கரைக்கும் சிரமம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சந்தேகம் வரும்போது, கடைக்கு ஓடுமுன் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் குழந்தையின் நிறையைப் பார்க்கச் சொல்லுங்கள். நிறை ஏறி வருகின்றதெனில் பால் போதுகின்றது என்பதே அதன் பொருள்.

நோயினாலோ வேறு காரணத்தினாலோ பாலூட்ட இயலாத தாய்மாரும் உளர். அவர்களை எவரும் குறை கூறலாகாது. வைத்தியர் கூறியபடி பால்மா கொடுத்து வளர்க்கும் தாயின் அன்பு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. தனியார் துறையில் 84 வேலைநாட்கள் பிரசவ விடுமுறை இப்போது எத்தனையாவது பிள்ளைக்கும் உண்டு. 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு முன்னர் மூன்றாவது பிள்ளைமுதல் அது பாதியாகக் குறைந்திருந்தது. விடுமுறை முடிந்த பின்னரும், சுத்தமான பாத்திரத்தில் கறந்து வைத்த பாலை வீட்டிலுள்ளோர் கோப்பையால் பருக்கலாம். சாதாரண அறை வெப்பத்தில் அது நான்கு மணித்தியாலம் வரை இருக்கும். நமது பங்குனி, சித்திரை வெயிலில் அதற்கும் முந்திக்கொள்வது நல்லது.

இனித் தட்டுக்கு வருவோம்.

தாய் குறைவாக உண்டாலும் பால் சட்டென்று வற்றிவிடுவதில்லை. இது படைப்பின் அதிசயம்; கவலைக்குரியதும் இதுவே. தாயின் உடல் தனது சேமிப்பை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குழந்தை கொழுகொழுவென்று வளர்வதைக் கண்டு வீட்டார் மகிழ்வார்கள். தாய் மெலிந்து, படியேறினால் மூச்சு வாங்கி, தலைமயிர் கொட்டி நிற்பதை “பிள்ளைப்பெறு என்றால் அப்படித்தான்” என்று கடந்து விடுவார்கள். அவள் நெடுநாள் குறைவாகவே உண்டு வந்தால் சில உயிர்ச்சத்துக்கள் பாலிலும் குறையத் தொடங்கும். பாலூட்டும் தாய்க்கு வழமையை விட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மேலதிகமாக வேண்டும். அதாவது, ஒரு சிறு வேளைச் சாப்பாடு அளவு. குடும்பத்தில் எவருக்கேனும் கூடுதலாகப் பரிமாற வேண்டுமெனில் அது அவளுக்கே.

இதற்குப் பெரும் பணம் வேண்டுமோ? வேண்டியதில்லை. நமது அம்மம்மாமார் பிள்ளைப்பெற்றவளுக்கு ஆக்கிக் கொடுத்த பத்தியச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு சேர்த்து அரைத்த சரக்குக் கறி, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய உழுத்தங்களி, முருங்கையிலை வறை. முருங்கையிலைக்கு நம் வளவில் விலை ஏது? வேலியோரத்து மரத்தில் ஒரு கொப்பை முறித்தால் ஒரு வேளைக் கறியாயிற்று. அதிலே தேங்காய்ப்பூ சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று; இலையிலுள்ள உயிர்ச்சத்தை உடல் ஏற்பதற்குக் கொழுப்புத் தேவை. இறக்கிய பின் தேசிக்காய்ப்புளி விட்டால் அதன் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தாலோ அந்த இரும்புச்சத்திற் பெரும்பகுதி வீணாகும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுவதற்குச் செலவு எதுவுமில்லை.

பால் சுரக்குமென்று பால்சுறாவைத் தேடி அலைந்து, கேட்ட விலையைக் கொடுப்போரும் உண்டு. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பது இன்று நன்கறியப்பட்ட உண்மை. சூடை, கீரி, நெத்தலி போன்ற சிறு மீன்கள் விலையிலும் மலிவு, அபாயமும் குறைவு. முள்ளோடு மென்று உண்ணக்கூடிய நெத்தலியில் சுண்ணாம்புச்சத்தும் நிறைய உண்டு. கையில் காசில்லாதவர்களுக்கு நன்மையானது கிட்டாது என்று எண்ண வேண்டாம். இந்த விடயத்தில் ஏழையின் மீனே மேலானது.

ஆனால் அம்மம்மாமார் சொன்ன அனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று நான் கூறவில்லை. “தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும்”, “பழம் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்” என்று பாலூட்டும் பெண்ணைத் தாகத்தோடும் பசியோடும் வைத்திருப்பது பத்தியமன்று, தண்டனை. அவள் நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். வாழைப்பழமும் பப்பாப்பழமும் உண்ணட்டும். கிளினிக்கில் அவளுக்கென்று கொடுக்கப்படும் திரிபோஷா, தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிசையப்பட்டு முழு வீட்டுக்கும் பின்னேரப் பலகாரமாகி விடுவதையும் நாம் அறிவோம். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மா, அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

அப்படியாயின் எங்கேதான் சிக்கனம் பிடிப்பது? கடையில். பிறந்த குழந்தை, தனக்கு வாங்கப்பட்ட சட்டை என்ன விலை என்று கேட்பதில்லை. கேட்பவர்கள் நாமும் நம் அயலவருமே. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் பிள்ளை பெற்ற தாய் செலுத்த வேண்டிய காணிக்கை லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தில் கூறப்பட்டுள்ளது. ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு பறவைகளைக் கொண்டுவந்தாற் போதும். இயேசு பாலகனை எருசலேமுக்குக் கொண்டு சென்ற மரியாள் செலுத்தியது எது? லூக்கா குறிப்பிடுவது இரண்டு பறவைகளையே. ஏழைத் தாயின் காணிக்கை அது. ஆட்டுக்குட்டிக்காக யோசேப்பு கடன் வாங்கியதாக எங்கும் காணோம். முப்பத்தொன்றுக்கும் ஞானஸ்நான விருந்துக்கும் நகை அடகு வைத்துவிட்டு, பின்னர் வட்டி கட்டுவதற்காகத் தாயின் தட்டைச் சுருக்கும் குடும்பங்கள் இதைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

அன்னாளையும் மறக்க முடியாது. பால் மறந்த பின்னர் சாமுவேலைச் சீலோவிலே ஆலயத்தில் விட்டுவந்த அந்தத் தாய், வருடந்தோறும் அவனுக்கு ஒரு சிறு மேலங்கி செய்து கொண்டு போனாள். பிள்ளை அருகில் இல்லை. சென்ற முறை பார்த்தபோது தோள்வரை நின்றானா, இடுப்புவரை நின்றானா என்று நினைவாலேயே அளவெடுத்து, இந்த வருடம் எத்தனை விரற்கடை வளர்ந்திருப்பான் என்று மனதாலேயே கூட்டித்தான் அவள் துணியை வெட்டியிருக்க வேண்டும். கைத்திறன் என்று நாம் சொல்வதன் உள்ளே எவ்வளவு நேசம் ஒளிந்திருக்கின்றது! நமது வீடுகளிலும் அம்மம்மாவின் பழைய நூற்சேலை ஏணையாகின்றது. அப்புவின் தோய்த்துத் தோய்த்து மெதுமையான வேட்டி, கிழிக்கப்பட்டு நப்கினாகின்றது. பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு எட்டு, பத்துத் தடவை துணி மாற்ற வேண்டிவரும். அத்தனைக்கும் பம்பஸ் வாங்குவதானால் மாத முடிவில் கணக்கைப் பாருங்கள். பயணத்துக்கும் மழைநாளின் இரவுக்கும் அதை வைத்துக்கொண்டு, மற்ற வேளைகளில் துணியைப் பாவித்து நல்ல வெயிலில் உலர்த்தலாம். ஆனால் அந்தத் துணிகளைத் தோய்ப்பவள் நேற்றுப் பிரசவித்தவளாக இருப்பாளாயின் அதைச் சிக்கனமென்று நான் ஏற்கமாட்டேன். கணவனின் கைகள் எதற்கு இருக்கின்றன?

பற்றாக்குறையிலிருந்து புதிய வழி பிறந்ததற்கு வைத்திய உலகிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1978ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் கொலம்பிய நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில், குறைமாதக் குழந்தைகளை வைப்பதற்கு இன்குபேட்டர்கள் போதாமற் போயின. ஒரே பெட்டிக்குள் பல குழந்தைகளை வைத்ததால் கிருமித்தொற்றும் பரவியது. வைத்தியர் எட்கர் ரே, குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டி அணைத்து வைக்கும் முறையை அங்கு ஆரம்பித்தார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்றிருந்ததால் அதற்கு அப்பெயரே வழங்கலாயிற்று. வசதியின்மையால் தொடங்கிய இந்த முறையை, குறைமாதத்திலும் நிறை குறைவாகவும் பிறந்த குழந்தைகளுக்கு இயன்றவரை பிறந்தவுடனேயே தொடங்குமாறு 2022ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தாயின் நெஞ்சுச்சூட்டுக்கு எவரும் விலை குறிக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் குழந்தைக்கெனப் பெட்டியில் அடைத்த உணவும் அவசியமில்லை. வீட்டுப் பானையிலிருந்து உப்பும் உறைப்பும் சேர்க்குமுன் எடுத்த சோறு, பருப்பு, பூசணி, முள் நீக்கிய மீன், அவித்த முட்டை ஆகியவற்றை மசித்துச் சிறிது நல்லெண்ணெய் விட்டால் போதும். விளையாட்டுச் சாமானும் அப்படியே. கழுவி வழவழப்பாக்கிய சிரட்டையும் ஒரு மரக்கரண்டியும் தரும் சந்தோஷத்தை மின்கலத்தில் ஓடும் பொம்மை தருவதில்லை. சத்தம் தாங்காமல் அயலவர் முறையிடக்கூடும், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் செய்தும் சில தாய்மாரின் கண்ணீர் நிற்பதில்லை. பிரசவத்தின் பின் முதற் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பொதுவானது. இரண்டு வாரத்துக்கு மேலும் அது நீடித்து, உறக்கம் கெட்டு, பிள்ளையைப் பார்க்கவும் மனமில்லாமற் போனால், அது வைத்தியரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்ல வேண்டிய நோய். அதை விசுவாசக் குறைவென்று கூறி, “செபம் பண்ணு பிள்ளை” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடும் பிழையை நாமும் செய்திருக்கின்றோம். சூரைச்செடியின் கீழ் சாக வேண்டுமென்று படுத்துக்கிடந்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் கொண்டு வந்தது என்ன? தணலிற் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீருமே. அவன் உண்டு, மறுபடியும் உறங்கினான். இரண்டாம் முறையும் தூதன் தட்டியெழுப்பி உண்ணக் கொடுத்தான். கண்டிப்பு எதுவும் அங்கு இல்லை.

முதலிற் கூறிய வீட்டுக்கு நான் மீண்டும் சென்றபோது குழந்தைக்கு எட்டு மாதம். குடும்பநல உத்தியோகத்தர் பலமுறை வந்து இருந்து, போத்தலை மெல்ல மெல்ல நிறுத்தி மறுபடியும் தாய்ப்பாலுக்குப் பழக்கியிருந்தார் என்று மாமி கூறினார். அன்று பரிமாறியவர் மாமியே. குழந்தை தரையில் அமர்ந்து சிரட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மாமி, மகனைத் தாண்டி, என்னையும் தாண்டிப் போய், மருமகளின் தட்டில் முதலில் இரண்டு கீரிமீனை வைத்துவிட்டு, “நீர் குறை நினையாதையும், உமக்கும் இருக்கு” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.