மலைநாட்டு ஈரமும் பழைய இசைத்தட்டுகளும்

கண்டியிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை முதலான அயற்பகுதிகளிலும் பழைய வீடுகள் சிலவற்றின் அலுமாரிகளிலே கிராமபோன் இசைத்தட்டுகள் இன்னமும் உறங்கிக் கிடக்கின்றன. 1933 ஆம் ஆண்டில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை நாம் இன்று கேட்பது இத்தகைய தட்டுகளின் வாயிலாகவே. இவற்றுள் அச்சுத் தகடும் அழிந்து, வேறு பிரதியும் அகப்படாதவை இருத்தல் கூடும். அத்தகைய தட்டொன்று கெடுமாயின் அதனோடு ஒரு குரலும் போய்விடும்.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இத்தட்டுகள் எதனால் ஆனவை? அரக்குப்பூச்சி மரக்கிளைகளிற் சுரக்கும் அரக்கே இதிற் பசை. அதன் பங்கு மூன்றில் ஒன்றை அரிதாகவே தாண்டும். எஞ்சியவை கற்பொடி, கரிப்பொடி, பஞ்சுத் தும்பு ஆகியன. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் 1960 களிலும் இவை வார்க்கப்பட்டன. கற்பொடி சேர்த்ததற்குக் காரணம் உண்டு: உருக்கு ஊசியின் முனை தட்டின் பள்ளத்திற்கு ஏற்பத் தேய வேண்டும் என்பதே அது. ஆகவேதான் ஒவ்வொரு பக்கத்திற்கும் புது ஊசி மாற்றினர். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்தவர்களின் தட்டுகள் இன்று இரைச்சலையே பாடுகின்றன.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில் உள்ளது. ஆகையால் கொழும்பின் புழுக்கம் இங்கில்லை என்று மகிழலாம். ஆயினும் தட்டுக்கு இங்குள்ள பகை வெப்பமன்று, ஈரமே. ஆண்டு மழை 1,800 மில்லிமீற்றர் அளவினது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரும் வியர்க்கும். அரக்கைப் பூஞ்சணம் எளிதில் உண்ணாது. ஆனால் கடதாசி உறையையும், தட்டினுள்ளே கலந்த தும்பையும் அது விரும்பி உண்ணும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்காகப் பிக்கெற், லெம்கோ என்னும் இருவர் 1959 இல் வெளியிட்ட ஆய்வு, ஈரம் மிகுந்தால் அரக்குத் தட்டு நாளடைவில் நொறுங்கும் தன்மை எய்தும் எனக் காட்டுகிறது. கண்ணுக்குப் புலனாகாத இக்கேடே பெரிது.

எனவே மழை அறையும் வெளிச்சுவரை ஒட்டி அலுமாரியை வைத்தல் ஆகாது. உட்சுவரின் அருகே, நிலத்திலிருந்து சற்று உயர்த்தி, பின்புறம் காற்றோட வைத்தல் நன்று. அலுமாரியின் அடியிலே சிறு மின்குமிழை எரியவிட்டு ஈரம் போக்குவது பழைய வழக்கம், இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ் அத்தகைய சூட்டைத் தராது என்பதையும் நினைவிற் கொள்க. வசதியுள்ளோர் ஈரமகற்றும் பொறியை வாங்கி, ஈரப்பதனை நூற்றுக்கு ஐம்பது அளவில் நிறுத்தலாம்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோர் பலர். பத்து அங்குலத் தட்டு ஏறக்குறைய அரை இறாத்தல் நிறையுடையது. நூறு தட்டுகள் ஐம்பது இறாத்தல். அச்சுமை முழுவதும் அடித்தட்டின் மேல் விழும். நூல்களைப் போல நேராக நிறுத்துக. ஆறு அங்குலத்திற்கு ஒரு தடுப்புப் பலகை இடுக. சாய்ந்து நிற்கும் தட்டு வளையும்.

மல்வத்தை, அஸ்கிரிய விகாரைகளின் ஊரிலே ஏட்டுச் சுவடிக்கு எண்ணெய் பூசிக் காக்கும் மரபை யாவரும் அறிவர். அம்மரபு இங்கே செல்லாது. எண்ணெய் பள்ளங்களில் தூசைப் பிடித்துவைக்கும். ஸ்பிரித்து இன்னும் கொடியது. தளபாடங்களுக்கு மெருகிடுவோர் அரக்கைக் கரைப்பதே ஸ்பிரித்தில் அன்றோ! வடித்த நீரில் மென்மையான சவர்க்காரம் சில துளி கலந்து, மென்தூரிகையாற் பள்ளத்தின் வழியே துடைத்து, நடுவிலுள்ள பெயர்ச்சீட்டு நனையாமற் காத்து, உடனே தூய நீரால் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துக. நெடுநேரம் ஊறவைத்தல் கூடாது.

சுத்தம் செய்தபின் ஒருமுறை ஒலிப்பதிவு செய்துகொள்ளல் வேண்டும். இதற்கு 78 தட்டுக்குரிய அகன்ற ஊசியே ஏற்றது. பிற்கால நெடுந்தட்டின் நுண்ணூசி பள்ளத்தின் அடியிற் புரண்டு இரையும். பெயர்ச்சீட்டிலும் அதனருகே தட்டிலும் பொறித்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், பாடியவர் பெயர் மங்கினும் பதிவை அடையாளம் காணலாம்.

உடைந்த தட்டை எறிந்துவிடாதீர்கள். துண்டுகளை ஒட்டவும் வேண்டாம். விளிம்புகள் ஒன்றோடொன்று உரசாதவாறு அட்டைப்பெட்டியிற் பரப்பி, துண்டுகளின் எண்ணிக்கையை மேலே எழுதி வையுங்கள்.