அனுமதி அட்டைக்கு முன்னால்

2011 ஏப்ரலில் ஓர் இரவு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், வேதியியல் ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் உள்ள பொதுப் பட்டறையில் 22 வயது மாணவி ஒருவர் லேத் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரது தலைமுடி இயந்திரத்தில் சிக்கிக்கொண்டது. உடலைக் கண்டுபிடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அவர் அத்துமீறி உள்ளே போனவர் அல்ல. பட்டறைப் பயிற்சியை முறையாக முடித்து, நுழைய அனுமதி பெற்றவர். அவருக்கு இல்லாமல் போனது, ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்த இன்னொரு மனிதர்.

இதற்குப் பிறகு யேல் தன் பட்டறைகளின் நேரத்தைக் கட்டுப்படுத்தியது. கண்காணிப்பாளர் இருக்கும்போதுதான் மாணவர்கள் இயந்திரங்களைத் தொடலாம் என்றது. தனியாக வேலை செய்யக் கூடாது என்ற விதி, பொது ஆய்வகங்கள் பலவற்றின் பயிற்சியில் முதலிலேயே சொல்லப்படுவது. கேட்டு மறப்பதற்கும் அதுவே எளிது.

பொது ஆய்வகம் ஏன் வந்தது என்பதற்கு விடை பணத்தில் இருக்கிறது. சிலிக்கான் தகட்டில் நுண்கோடு வரையும் எலக்ட்ரான் கற்றைக் கருவியையோ ஆயிரக்கணக்கான சதுர அடித் தூய அறையையோ ஒவ்வொரு பேராசிரியரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் அமெரிக்காவில் 1977இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்குமான நுண்கட்டமைப்புக் கூடம் திறக்கப்பட்டது. இந்தியாவில் 2008இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஐஐடி பம்பாயும் மத்திய அரசின் நிதியில் இதேபோன்ற திட்டம் ஒன்றைத் தொடங்கின. வசதி குறைந்த கல்லூரியின் ஆய்வு மாணவரும் விண்ணப்பித்து, அங்கே போய்த் தன் சாதனத்தைத் தயாரிக்க வழி பிறந்தது. பின்னர் விரிவான இத்திட்டத்தில் ஐஐடி மெட்ராஸும் இருக்கிறது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டவுடன் கதவு திறந்துவிடாது. பாதுகாப்பு வகுப்பு, அதற்குத் தேர்வு, உடை அணியும் பயிற்சி, பிறகு கருவிக்குக் கருவி தனிப் பயிற்சி. ஒரு கருவியில் தேறியவர் பக்கத்துக் கருவியைத் தொட முடியாது. அனுமதி இல்லாதவர் கணினியில் நுழைந்தால் மின்சாரமே வராதபடி கருவிகளைப் பூட்டி வைக்கும் கூடங்களும் உண்டு. அவசரத்தில் இருக்கும் ஆராய்ச்சி மாணவருக்கு இந்தக் காத்திருப்பு எரிச்சல் தரும். ஆனாலும் இதில் செலவாகும் நாட்கள் வீண் அல்ல.

உடையையே பாருங்கள். 'கிளாஸ் 100' எனப்படும் தூய அறையில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அல்லது அதற்குப் பெரிய துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. மனிதத் தோலும் முடியும் ஓயாமல் துகள்களை உதிர்ப்பவை. அதற்காகத்தான் தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை அங்கி. புதிதாக வருபவர் அந்த அங்கி தன்னைக் காக்கும் என்று நம்பிவிடுகிறார். அது காப்பது சிலிக்கான் தகட்டை, மனிதரிடமிருந்து. மனிதரை அமிலத்திலிருந்து காக்க வேறு ஏப்ரன், வேறு கையுறை, முகத்தடுப்பு வேண்டும். இந்த வேறுபாட்டை மனதில் பதிய வைத்தாலே பயிற்சி பாதி பலித்துவிட்டது.

அந்த அமிலங்களில் மிகவும் அஞ்ச வேண்டியது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். கண்ணாடியையும் சிலிக்கான் ஆக்சைடையும் கரைப்பதால் நுண்மின்னணு வேலையில் அதைத் தவிர்ப்பது கடினம். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான், சில சமயம் மறுநாள்தான் வலி தெரியும். அதற்குள் ஃப்ளூரைடு திசுக்களுக்குள் இறங்கி ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிணைத்துவிடும். கால்சியம் சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். உடனே செய்ய வேண்டியது, தண்ணீரில் கழுவிவிட்டுக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்த்து, மருத்துவமனைக்கு விரைவது.

1994இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆய்வக உதவியாளர் ஒருவர் பாறை மாதிரிகளிலிருந்து மகரந்தத் துகள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். 70 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அவர் தொடைகளில் கொட்டியது. கொட்டியது கால் லிட்டருக்கும் குறைவுதான். கையுறை போட்டிருந்தார், ஏப்ரன் இல்லை. தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் கழுவிப் பார்த்தார், நீச்சல் குளத்தில் இறங்கி நின்றார். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் அங்கே இல்லை. ஒரு காலை வெட்டி எடுத்தும் பதினைந்தாம் நாள் இறந்துபோனார். ஜெல் எந்த அலமாரியில் இருக்கிறது, அது காலாவதி ஆகவில்லையா என்று பயிற்சியாளர் ஒவ்வொரு புதியவரையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வதற்கு இப்படி ஒரு சாவு காரணமாக இருக்கிறது.

பயிற்சி என்பது ஏட்டில் கையெழுத்து மட்டும் அல்ல என்பதைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் கடுமையான முறையில் கற்றது. 2008 டிசம்பர் 29, விடுமுறைக் காலம். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் சிரிஞ்சில் எடுத்தபோது, அதன் தண்டு கழன்று திரவம் கொட்டியது. ஆய்வக அங்கி அணியவில்லை. செயற்கை இழை ஸ்வெட்டர் எரிந்து உடலோடு ஒட்டியது. அறையில் அவசர ஷவர் இருந்தது. உதவ வந்தவர் அவரை அங்கே கொண்டுபோகவில்லை. பதினெட்டு நாள் கழித்து உயிர் பிரிந்தது. அவருக்குப் பயிற்சி தரப்பட்டதற்குப் பதிவு இல்லை. 2011இல் அந்த ஆய்வகத்தின் பேராசிரியர் மீதும் பல்கலைக்கழக நிர்வாகத்தின் மீதும் குற்ற வழக்கு தொடரப்பட்டது. பாதுகாப்பு நடவடிக்கைகளை மேம்படுத்த ஒப்புக்கொண்ட பிறகே நிர்வாகத்தின் மீதான வழக்கு கைவிடப்பட்டது.

2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் வெடிக்கக்கூடிய ஒரு சேர்மத்தை 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்று வாய்மொழியாக விதி இருந்தது. மாணவர்கள் சுமார் 10 கிராம் தயாரித்தார்கள். வெடிப்பில் ஒருவர் மூன்று விரல்களை இழந்தார். எழுதி ஒட்டாத விதி அடுத்து வந்தவரிடம் போய்ச் சேரவில்லை.

பொது ஆய்வகத்தின் ஆபத்து இங்கேதான் வேர்விடுகிறது. முகம் தெரியாத ஒருவர் நேற்று வைத்துவிட்டுப் போன குப்பியைத்தான் இன்று வருபவர் கையில் எடுக்கிறார். உள்ளே நுழையப் பயிற்சி தரும் நிறுவனங்கள், வெளியேறுவதற்கும் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டும்.

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஒரு காமா கதிர்வீச்சுக் கருவி இருந்தது. 1985 முதல் யாரும் பயன்படுத்தவில்லை. அதை அறிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். 2010 பிப்ரவரியில் பழைய இரும்பாக ஏலம் போனது. டெல்லியின் பழைய இரும்புச் சந்தையான மாயாபுரியில் அதைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளியே வந்தது. கதிர்வீச்சுக்கு ஆளான ஒரு தொழிலாளி இறந்தார், மேலும் பலர் நோயுற்றார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்வீச்சுப் பொருட்களைப் பயன்படுத்தப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த அனுமதியை நிறுத்தி வைத்தது.

பட்டம் வாங்கிப் போகும் மாணவரிடம் நூலகம், விடுதி என்று நோ டியூஸ் கையெழுத்து கேட்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அந்தத் தாளில் இன்னொரு வரி சேர்க்கலாம்: ஆய்வகத்தில் அவர் விட்டுச் செல்லும் ஒவ்வொரு குப்பியின் பெயர், செறிவு, தேதி, இனி அதற்குப் பொறுப்பேற்பவரின் கையெழுத்து.