அதிகாரம் எனும் உரைகல்

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். மனிதனின் மாற்றை அவன் கைக்கு வந்த அதிகாரம் காட்டும். தோல்வியில் பணிவு காட்டுவது அரிதன்று; அங்கே பணிவைத் தவிர வேறு வழியில்லை. எதிரில் நிற்பவரிடம் பெறவேண்டியதும் அஞ்சவேண்டியதும் ஏதுமில்லை என்ற நிலை வரும்போதுதான் ஒருவரின் உள்ளியல்பு வெளிப்படுகிறது. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காரைக்கால் மண் கைமாறிய வரலாறே போதும்.

கோட்டுச்சேரிமேடு முதலிய கடலோர ஊர்கள் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ இருந்தும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. 1954 வரை காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி நிலவியதே காரணம். அவ்வாட்சியின் தொடக்கத்தில் முறிந்த வாக்குறுதி ஒன்று உண்டு. 1738இல் தஞ்சை அரியணையை இழந்த மராட்டிய மன்னர் சாகுஜி, புதுச்சேரி ஆளுநர் துய்மாவின் உதவியை நாடி, கைம்மாறாகக் காரைக்காலைத் தருவதாக வாக்களித்தார். அரியணை மீண்டதும் அவ்வாக்கைக் கைவிட்டார். அப்போது திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிப் காரைக்காலைப் படையனுப்பிப் பிடித்து, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார்.

இதை மட்டும் படிப்போர் சாகுஜியை வாக்குத் தவறியவர் என்றும், சந்தா சாகிபை நண்பருக்கு உதவியவர் என்றும் தீர்ப்பளித்துவிடலாம். ஆனால் அவருக்குத் திருச்சி எவ்வாறு கிடைத்தது?

நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் மறைந்தபின் அரசி மீனாட்சி திருச்சியிலிருந்து ஆண்டார். பங்காரு திருமலை அரசுரிமை கோரி எதிர்த்தபோது, ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியின் மருமகனான சந்தா சாகிபின் துணையை அவர் நாடினார். பெருந்தொகைக்கு ஈடாக அரசியைக் காப்பதாகச் சந்தா சாகிப் திருக்குர்ஆன் மீது ஆணையிட்டார். பட்டுத்துணிக்குள் இருந்தது வெறும் செங்கல்லே என்றொரு கதையும் வழங்குகிறது. 1736 அளவில் கோட்டை தம் வசமானதும் அரசியைச் சிறைவைத்தார். அரசி நஞ்சுண்டு மாண்டார்.

பிரெஞ்சுக்காரரின் நட்பு சந்தா சாகிபுக்குத் தேவைப்பட்டது. அரசியின் நட்பு அதற்குமேல் தேவைப்படவில்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அவ்வளவே. துணிக்குள் இருந்தது வேதமா செங்கல்லா என்பதும் பெரிதன்று; கொடுத்த வாக்கே அமானிதம். செய்தவர் முஸ்லிம் பெயர் தாங்கியவர் என்பதால் நம் தீர்ப்பு மென்மையாகிவிடலாகாது. உடன்படிக்கை குறித்து விசாரணை உண்டு என எச்சரிக்கிறது திருக்குர்ஆன் (17:34). தன்னைத் தேவையற்றவனாகக் காணும்போதே மனிதன் வரம்பு மீறுகிறான் என்று அதன் 96ஆம் அத்தியாயம் (6-7) நோயின் வேரையே சுட்டுகிறது.

இக்குணம் ஒரு சமயத்தாருக்கோ குலத்தாருக்கோ உரியதன்று. 1752 ஜூனில் சீரங்கத்தில் முற்றுகைக்குள்ளான சந்தா சாகிப், பாதுகாப்பாக வெளியேற்றுவதாக வாக்களித்த தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பி அவரிடம் சென்றார். அங்கேயே அவர் தலை கொய்யப்பட்டது. அரசிக்கு அவர் செய்தது அவருக்கே நேர்ந்தது எனலாம். ஆயினும் அது மானோஜியின் வாக்குமீறலை நியாயமாக்காது.

அதிகாரம் கைவந்தோர் எல்லோரும் இப்படியே நடப்பர் என்பாருக்கு மக்கா வெற்றி விடையளிக்கிறது. கி.பி. 630இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைத் துரத்திய ஊருக்குள் வெற்றியாளராக நுழைந்தார்கள், பொதுமன்னிப்பு வழங்கினார்கள். முன்பொருமுறை தம்மைக் கஅபாவுக்குள் விட மறுத்த உஸ்மான் இப்னு தல்ஹாவிடமே அதன் திறவுகோலைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்கின்றன நபி வரலாற்று நூல்கள். கொடுக்காதிருந்தால் தட்டிக் கேட்பார் எவருமில்லை. அதனாலேயே அச்செயல் சான்றாக நிற்கிறது.

அப்படியானால் அதிகாரம் மனிதரைக் கெடுக்கிறதா, காட்டுகிறதா? எவ்வளவு ஆராய்ந்து தெளிந்தாலும் செயலில் இறங்கியபின் வேறாகிவிடுவோர் பலர் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. ஆகவே கெடுப்பதும் உண்டு. ஆனால் உள்ளே இறையச்சம் வேரூன்றியிருந்தால் அக்கேடு எளிதில் நேர்வதில்லை.

அரசு கட்டிலுக்கு மட்டுமன்று, ஊர் ஜமாஅத்தின் பொறுப்புக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். ஒருவரை முத்தவல்லியாக்குமுன் அவர் செல்வர்முன் எப்படிப் பேசினார் என்று பார்ப்பது போதாது. தம் கடையில் கூலிக்கு நிற்பவரை, தம் பொறுப்பில் வளரும் அநாதையை, திருப்பிக் கேட்க வலுவில்லாதவரின் அமானிதத்தை எப்படி நடத்தினார் என்று பார்க்க வேண்டும். பொறுப்பளித்தபின்னும் கணக்குக் கேட்க வேண்டும். கேட்பது அவநம்பிக்கையன்று, தம்மைத் தேவையற்றவராக அவர் எண்ணிவிடாதபடி காப்பது.