கள்ளி (தாவரம்)

கள்ளி என்பது சதைப்பற்றுள்ள தண்டைக் கொண்டு வறண்ட நிலங்களில் வளரும் பலவகைச் செடிகளைத் தமிழில் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். தாவரவியல் நோக்கில் இப்பெயர் ஒரே குடும்பத்தைக் குறிப்பதன்று. சப்பாத்திக்கள்ளி காக்டேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி எனவும் வழங்கும் திருகுகள்ளி ஆகியவை ஆமணக்கின் குடும்பமான யூபோர்பியேசியேவைச் சேர்ந்தவை. இவ்விரு குடும்பங்களுக்கும் நெருங்கிய உறவு இல்லை. இவற்றைப் பிரித்தறிவது தேர்வுக்கு மட்டும் வேண்டிய செய்தியன்று. முதல் வகையின் பழத்தை உண்ணலாம். இரண்டாம் வகையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்.

பெயரும் தொன்மையும்

காக்டேசியே குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ஏறத்தாழ 1,750 இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தில், மரக்கிளைகளில் தொற்றி வளரும் ரிப்சாலிசு பாக்சிபெரா என்ற ஒரே இனம் மட்டும் ஆப்பிரிக்கா, மடகாசுகர், இலங்கை ஆகிய இடங்களிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. சப்பாத்திக்கள்ளி ஐரோப்பியரின் கடற்பயணங்களுக்குப் பின்னரே இந்தியாவுக்கு வந்தது. ஆகவே குறுந்தொகையிலும் புறநானூற்றிலும் இடம்பெறும் கள்ளி, யூபோர்பியா வகையே ஆகும். பாலைத்திணைப் பாடலுக்குச் சப்பாத்திக்கள்ளியைப் படமாக வரைந்தால் அது காலவழு.

உறவற்ற இரு குடும்பங்கள் ஒத்த தோற்றம் பெற்றதற்குக் காரணம் ஒத்த சூழலே. நீர் குறைந்த நிலத்தில் இலை சுருங்கி, தண்டு பருத்து நீரைச் சேமித்து, ஒளிச்சேர்க்கையையும் தானே மேற்கொள்கிறது. இத்தகைய செடிகளுள் பல தம் இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கின்றன. இரவில் பெற்ற கரியமிலவாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து மறுநாள் பகலில் பயன்படுத்துகின்றன. இதனால் நீர் இழப்பு வெகுவாகக் குறைகிறது.

பிரித்தறியும் முறை

காக்டேசியே குடும்பத்தின் தனி அடையாளம் அரியோல் எனப்படும் சிறு பஞ்சுமெத்தை போன்ற புள்ளியாகும். முட்கள், பூ, புதிய கிளை ஆகிய அனைத்தும் இப்புள்ளியிலிருந்தே தோன்றுகின்றன. முள் கொத்தாக ஒரு பஞ்சுப்புள்ளியில் அமர்ந்திருந்தால் அது காக்டேசியே. சதுரக்கள்ளியில் அத்தகைய புள்ளி இல்லை. தண்டின் விளிம்புகளில் முட்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். திருகுகள்ளியில் முள்ளே இல்லை. பென்சில் பருமனுள்ள பச்சைக் குச்சிகள் மட்டுமே.

பூவும் உதவும். காக்டேசியேப் பூக்கள் பெரும்பாலும் பெரியவை, பல இதழ்களும் எண்ணற்ற மகரந்தத்தாள்களும் உடையவை, கனி சதைப்பற்றுள்ளது. யூபோர்பியாவின் பூக்கள் மிகச் சிறியவை. காய் மூன்று அறைகள் கொண்டது, உலர்ந்தபின் வெடிப்பது.

கீறினால் பால் வடிவது யூபோர்பியா என்பது பரவலான விதி. ஆனால் காக்டேசியேவைச் சேர்ந்த மம்மிலாரியா இனங்கள் சிலவற்றிலும் பால் உண்டு. மேலும், கீறிப் பார்ப்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. அரியோலைத் தேடுவதே நல்லது.

காக்டேசியே வகைகள்

பெரெசுக்கியா வகைகள் பார்வைக்குக் கள்ளியாகவே தோன்றா. மெய்யான அகன்ற இலைகளுடன் சாதாரணப் புதர் போன்றிருக்கும்; அரியோல்தான் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

ஒப்பன்சியா வகைகளில் தண்டு தட்டையான துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். பெரிய முட்களைவிட, அரியோலில் அடர்ந்துள்ள குளோக்கிடு எனப்படும் மயிரிழை முட்களே அதிகத் தொல்லை தருபவை. இவற்றின் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. நாகதாளி எனவும் வழங்கும் சப்பாத்திக்கள்ளி இவ்வகையைச் சேர்ந்தது. மணலும் உப்புக்காற்றும் இதற்கு இடையூறாவதில்லை. எண்ணூர், பழவேற்காடு போன்ற கடற்கரை நிலங்களுக்கு ஏற்ற செடி.

எஞ்சிய பெரும்பான்மை இனங்கள் காக்டாய்டியே என்ற துணைக்குடும்பத்தில் அடங்கும். அரிசோனாவிலும் மெக்சிகோவின் சோனோராவிலும் 12 மீட்டருக்கு மேல் வளரும் சகுவாரோ முதல், சட்டியில் வளரும் மம்மிலாரியா வரை இதில் உண்டு. இரவில் மலர்ந்து காலையில் வாடும் நிசாகந்தியும் இவ்வகையே. அதனைப் பிரம்ம கமலம் என்பாரும் உளர். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் வளரும், சூரியகாந்திக் குடும்பச் செடி. குசராத்து அரசு 2021-இல் கமலம் எனப் பெயரிட்ட டிராகன் பழமும் ஒரு கள்ளிக்கொடியின் கனியே. செடி விற்பனைக் கூடங்களில் காணப்படும் சிவப்புத்தலைக் கள்ளி ஒரே செடியன்று. பச்சையம் இல்லாத சிம்னோகாலிசியத்தை வேறொரு கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டியது. அடித்தண்டு அழிந்தால் தலையும் அழியும்.

சென்னையும் சாயப்பூச்சியும்

மெக்சிகோவில் ஒப்பன்சியாவின்மேல் வாழும் காக்கினீல் பூச்சியிலிருந்து பெறப்பட்ட சிவப்புச் சாயம் எசுப்பானியருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. உணவு நிறமியாக இ120 என்ற எண்ணுடன் இன்றும் அது பயன்படுகிறது. அவ்வணிகத்தில் பங்குபெற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, மருத்துவர் சேம்சு ஆண்டர்சனின் முயற்சியால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டத்தை அமைத்தது. செடிகள் வளர்ந்தன, தேவையான பூச்சி கிட்டவில்லை. 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த பூச்சி, உயர்தரச் சாயம் தரும் டாக்டிலோபியசு காக்கசு அன்று. அதன் உறவினமான டாக்டிலோபியசு சிலோனிகசு. சாயம் தரம் குறைந்தது. ஆனால் அப்பூச்சி ஒப்பன்சியா மோனகாந்தா என்ற கள்ளியை அழித்தது. அதனைப் பயன்படுத்தி 1836-1838 காலத்தில் தென்னிந்தியாவில் அக்கள்ளி கட்டுப்படுத்தப்பட்டது. பூச்சியைக் கொண்டு களையை ஒழித்த தொடக்ககால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

அதே பூச்சி ஒப்பன்சியா டில்லெனியைத் தொடவில்லை. நமக்குத் தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரு சப்பாத்திக்கள்ளிகளைப் பூச்சி பிரித்தறிந்தது. எனவே 1926-இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியசு ஒப்பன்சியே என்ற மற்றோர் இனம் கொண்டுவரப்பட்டு, தென்னிந்தியாவில் பரவியிருந்த புதர்கள் சில ஆண்டுகளிலேயே பெருமளவு அழிந்தன. சப்பாத்திக்கள்ளியின்மேல் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் இன்றும் தென்படுவது இத்தகைய பூச்சிகளின் மெழுகுப்போர்வை. நசுக்கினால் விரல் சிவக்கும். ஆசுத்திரேலியாவில் இதே காலத்தில் ஏறத்தாழ 2.4 கோடி எக்டேர் நிலத்தைப் பிடித்திருந்த கள்ளியை அர்கெந்தீனாவின் காக்டோபிளாசுடிசு என்ற அந்துப்பூச்சி அழித்தது.

உண்ணுதலும் நச்சும்

சப்பாத்திக்கள்ளியின் செந்நிறப் பழத்தை மயிர்முட்களை நீக்கிய பின்னரே உண்ண வேண்டும். தீயில் வாட்டி நீக்குவது எளிய முறை. அதன் பீட்டாலயின் நிறமியால் சிறுநீர் சிவக்கலாம், அது குருதியன்று. தோலில் ஏறிய மயிர்முட்களைத் தேய்க்காமல், ஒட்டுநாடாவை அழுத்திப் பிரித்து எடுக்கலாம்.

கள்ளிப்பால் எனப்படுவது யூபோர்பியாவின் பால். தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலைக்குப் பயன்படுத்தப்பட்ட நச்சாக அறியப்படுவது இதுவே. அக்கொலைகளைத் தடுக்கவே 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. தோலில் பட்டால் கொப்புளமும், கண்ணில் பட்டால் கருவிழியில் அழற்சியும் உண்டாகும். தொடக்கத்தில் வலி குறைவாக இருந்து பின்னர் மிகலாம். ஆகவே வேலிக்கு வைத்த சதுரக்கள்ளியையோ திருகுகள்ளியையோ வெட்டுவோர் கண்ணாடியும் கையுறையும் அணிதல் வேண்டும். பால் தெறித்தால் கண்ணைக் கசக்காமல் தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெட்டிய கிளை ஒன்றையோ அதன் படத்தையோ உடன் கொண்டுசெல்வது மருத்துவருக்கு உதவும்.