டவுட்டன் குழியில் கிடந்த படை

ரோஜாப் போர்கள் என்றதும் ஷேக்ஸ்பியரின் அரசர்கள்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். லங்காஸ்டர் குடும்பம், யார்க் குடும்பம், நடுவில் ஒரு கிரீடம். நான் செவிலியர் படிப்பு படித்தவள். அதனால் அரசர்களுக்காக நின்ற உடல்களைப் பற்றிப் பேசுகிறேன்.

‘அரசரின் படை’ என்கிறோம். அன்றைய இங்கிலாந்தில் இன்றுபோல் நிரந்தரப் படை கிடையாது. பிரபுக்கள் தங்களோடு ஒப்பந்தம் செய்த ஆட்களைக் கூட்டிவருவார்கள். மாவட்டங்களுக்கும் நகரங்களுக்கும் அரசரின் ஆணை போகும். கோவென்ட்ரி நகரம் தன் செலவில் 100 பேரை அனுப்பியது. உழுகிறவரும் கடை வைத்திருப்பவரும் வில்லோடு வந்து நின்றால் அதுதான் படை.

1461 மார்ச்சில் ஆணை அனுப்ப இரண்டு அரசர்கள் இருந்தார்கள். ஆறாம் ஹென்றி 1422 முதல் அரசர். மார்ச் 4ஆம் தேதி லண்டனில் 18 வயது எட்வர்டும் அரசராக அறிவிக்கப்பட்டார். ஒருவருக்குக் கீழ்ப்படிந்தால் மற்றவருக்குத் துரோகி.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு. யார்க்‌ஷயரில் டவுட்டன் கிராமத்துக்கு அருகே, கொட்டும் பனியில் இரு படைகளும் மோதின. காற்று எட்வர்டின் வில்லாளர்களுக்குச் சாதகமாக வீசியது. எதிரிகளின் அம்புகள் எட்டாமல் விழுந்தன. நெடுநேரச் சண்டைக்குப் பிறகு நார்ஃபோக் பிரபுவின் ஆட்களும் எட்வர்டோடு வந்து சேர, ஹென்றியின் படை உடைந்து ஓடியது. 28,000 பேர் இறந்ததாக அக்காலக் கடிதங்கள் சொல்கின்றன. இன்றைய வரலாற்றாசிரியர் பலர் அது மிகை என்கிறார்கள்.

1996இல் டவுட்டன் ஹால் என்ற வீட்டில் கட்டட வேலை நடந்தபோது ஒரு குழி வெளிப்பட்டது. சுமார் 40 பேரை நெருக்கிப் புதைத்திருந்தார்கள். பதின்வயதினர் முதல் 50ஐ நெருங்கியவர்வரை இருந்தார்கள். ஏறக்குறைய எல்லா மண்டையோடுகளிலும் வெட்டுகள். கழுத்துக்குக் கீழே காயங்கள் மிகக் குறைவு. தலைக்கவசம் இல்லாத நிலையில்தான் இவர்கள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஓடும்போது கழற்றி எறிந்திருக்கலாம், பிடிபட்டபின் பறிக்கப்பட்டிருக்கலாம். சிலருக்கு, உயிர் போக ஒரு வெட்டே போதும் என்ற இடத்தில் பல வெட்டுகள்.

என்னை நிறுத்தியது வேறொரு காயம். குழியில் இருந்தவர்களில் மூத்த ஒருவரின் தாடையில் ஆழமான பழைய வெட்டு. அது நன்றாக ஆறியிருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே இல்லாத காலம் அது. தாடை வெட்டுப்பட்டவரால் மெல்ல முடியாது. வாரக்கணக்கில் கஞ்சியாகக் கரைத்து ஊட்ட வேண்டும், புண்ணைக் கழுவ வேண்டும், சீழ் வைக்காமல் பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் அதைச் செய்திருக்கிறார். அவர் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. அவர் செய்த வேலைக்கு அந்த எலும்பு சாட்சி. அப்படிப் பிழைக்க வைத்த மனிதரைத்தான் மறுபடியும் களத்துக்கு அழைத்தார்கள்.

1470இல் ஹென்றி மீண்டும் அரியணை ஏறினார், சில மாதங்களுக்கு மட்டும். துரோகி யார், விசுவாசி யார் என்பது அந்த ஒன்பது ஆண்டுகளில் தலைகீழாகி, மறுபடியும் மாறியது. குழியில் கிடந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. அரசர்களின் வரலாற்றை வாசிக்கும்போது இந்தத் தாடை எலும்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.