ஷோரூமில் ‘கார்டு வாங்கிக்கோங்க’ என்கிறார்களா? சிபில் ஸ்கோர் குறையாமல் வாங்குவது எப்படி?

டிவி வாங்க ஷோரூமுக்குப் போறீங்க. மாடலைப் பார்த்து விலை பேசி முடித்ததும், பில் கவுன்டர் பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து வருவார். “சார், எங்க கார்டு எடுத்துக்கிட்டா இன்னைக்கே 2,000 ரூபாய் குறையும். பான் நம்பரும் ஓ.டி.பி.யும் மட்டும் சொல்லுங்க, பத்தே நிமிஷம்!” சரின்னு சொல்லிடுவோம். ஆறு மாதம் கழித்து வீட்டுக்கடனுக்குப் போனால் வங்கியில் கேட்பார்கள்: “ஒரே நாள்ல மூணு இடத்துல கடன் கேட்டிருக்கீங்களே, என்ன விஷயம்?”

நாம் வாங்கியது ஒரு டிவி. ரிப்போர்ட்டில் ஏறியது மூன்று விண்ணப்பம். இது எப்படி நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்று பார்க்கலாம்.

கடையின் பெயர், வங்கியின் கார்டு

முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் கடைகள் தாங்களாகவே கிரெடிட் கார்டு கொடுக்க முடியாது. அமேசான் பே கார்டைத் தருவது ஐசிஐசிஐ வங்கி. ஃபிளிப்கார்ட் கார்டுக்குப் பின்னால் ஆக்சிஸ் வங்கி, டாடா நியூ கார்டுக்குப் பின்னால் ஹெச்டிஎஃப்சி வங்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வங்கி இருக்கும். விளம்பரம் செய்வதும் ஆள் பிடித்துத் தருவதும் மட்டுமே கடையின் வேலை என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் சொல்கின்றன. அதனால் ‘கடை கார்டுதானே’ என்று அலட்சியமாகக் கொடுக்கும் விண்ணப்பமும் முழுமையான கிரெடிட் கார்டு விண்ணப்பம்தான்.

ஃபைனான்ஸ் நிறுவனங்கள் தரும் இ.எம்.ஐ. கார்டு வேறு ரகம். பார்க்க கிரெடிட் கார்டு மாதிரியே இருக்கும். ஆனால் அதில் வாங்கும் ஒவ்வொரு பொருளும் பொதுவாக ஒரு தனிக் கடன். போன், மிக்ஸி, வாஷிங் மெஷின் வாங்கினால் உங்கள் ரிப்போர்ட்டில் மூன்று கடன் கணக்குகள் வரும். ஒழுங்காகக் கட்டினால் பிரச்சினை இல்லை. ஒன்றில் தவணை தவறினாலும் அது தனியாகத் தெரியும்.

ஸ்கோர் எங்கே அடிபடுகிறது?

நாம் பொதுவாக ‘சிபில்’ என்றே சொல்கிறோம். உண்மையில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஸ்கோர் 300 முதல் 900 வரை. நீங்கள் கடனோ கார்டோ கேட்டதும், வங்கி இவற்றில் ஒன்றிடமோ பலவற்றிடமோ உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கும். அந்தக் கேள்வியே ரிப்போர்ட்டில் பதிவாகும். இதற்குப் பெயர் ஹார்ட் என்கொயரி. உங்கள் ஸ்கோரை நீங்களே ஆயிரம் முறை பார்த்தாலும் குறையாது.

ஒரு என்கொயரியால் பெரிய சரிவு வராது. சில புள்ளிகள் குறையலாம், ஒழுங்காகக் கட்டிவந்தால் சில மாதங்களில் சரியாகிவிடும். குறுகிய காலத்தில் அடுத்தடுத்து பல என்கொயரிகள் இருந்தால்தான் சிக்கல். ‘இவர் பணத்துக்கு அலைகிறார்’ என்று கடன் தருபவர் நினைப்பார்.

ஷோரூம் மேஜையில் நடப்பது இதுதான். அங்கே பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் ஆட்கள் இருப்பார்கள். முதல் நிறுவனம் ‘நாட் எலிஜிபிள்’ என்று காட்டினால், “பரவாயில்ல சார், இன்னொண்ணுல ட்ரை பண்றேன்” என்பார்கள். மறுபடி ஒரு ஓ.டி.பி. வரும். நாமும் சொல்லுவோம். அந்த ஓ.டி.பி.தான் ‘என் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாம் கொடுக்கும் சம்மதம். விற்பனை முடியணும் என்பது அவர்கள் அவசரம், அதில் தப்பில்லை. ஆனால் ஸ்கோர் நம்முடையது.

அதனால் பான் நம்பரைச் சொல்லும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். “எந்த வங்கி, எந்த நிறுவனம்?” “கிடைக்கலைன்னா வேற எங்கேயும் போடுவீங்களா?” ஓ.டி.பி. மெசேஜை முழுசாகப் படியுங்கள், யாருக்காக, எதற்காக என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டை யாராவது எடுத்தால் எஸ்.எம்.எஸ். அல்லது இ-மெயில் அனுப்ப வேண்டும் என்று கிரெடிட் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டிருக்கிறது. இந்த மெசேஜ்களை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

எப்படி விண்ணப்பித்தால் நல்லது?

கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடுவது சிறந்தது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அடுத்து, உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் ஆப்பில் ‘ப்ரீ-அப்ரூவ்டு’ கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆஃபரைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ‘அப்ளை’ அழுத்திய பிறகு என்கொயரி விழ வாய்ப்பு உண்டு. ஆனால் கார்டு கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த ஒரு என்கொயரி வீணாகாது.

இதுவரை கடனே வாங்காதவர்கள், ஸ்கோர் ரொம்பக் குறைவாக இருப்பவர்கள், கடை மேஜையில் முயற்சி செய்து ரிஜெக்ட் ஆவதைவிட ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கார்டைக் கேட்கலாம். பணம் வங்கியிடமே இருப்பதால் அவர்களும் தயங்க மாட்டார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் உடனே அடுத்த வங்கிக்கு ஓட வேண்டாம். காரணத்தை எழுத்துபூர்வமாகச் சொல்ல வேண்டியது கார்டு நிறுவனத்தின் கடமை. கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் வீட்டுக்கடன் எடுக்கும் திட்டம் இருந்தால், 2,000 ரூபாய் தள்ளுபடிக்காக இப்போது எதையும் தொடாமல் இருப்பதே நல்லது. லட்சக்கணக்கான ரூபாய் கடனில் வட்டி கால் சதவீதம் கூடினாலே அந்தத் தள்ளுபடி எங்கேயோ போய்விடும்.

யூடியூபில் ‘என்கொயரியே இல்லாமல் ஸ்டோர் கார்டு’ என்று ஒரு ட்ரிக் சுற்றுகிறது. ஆன்லைன் கடையில் பொருளை கார்ட்டில் போட்டு, விவரங்களை நிரப்பி, ஆஃபர் திரை வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். அது அமெரிக்காவில் சில கடைகளின் கார்டுகளுக்காகச் சொல்லப்படுவது. அங்கேயே எல்லோருக்கும் பலிப்பதில்லை, இங்கே அதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கார்டு வந்த பிறகு

புது கார்டு ஸ்கோரை உயர்த்தவும் செய்யும். உங்களிடம் 50,000 ரூபாய் லிமிட் உள்ள ஒரு கார்டு இருக்கிறது, மாதம் 25,000 செலவு என்றால் பயன்பாடு 50 சதவீதம். இன்னொரு 50,000 லிமிட் சேர்ந்தால் அதே செலவு 25 சதவீதமாகிவிடும். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. லிமிட் கூடியதே என்று செலவும் கூடினால் இந்தக் கணக்கு உதவாது.

மனம் மாறிவிட்டதா? கார்டை ஆக்டிவேட் செய்யாதீர்கள். 30 நாளாகியும் ஆக்டிவேட் ஆகாத கார்டுக்கு ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் 7 வேலை நாட்களில் கட்டணமின்றி மூட வேண்டும். ஆக்டிவேட் ஆகும் முன் புதுக் கணக்கு என்று ரிப்போர்ட்டில் ஏற்றவும் கூடாது. ஆனால் விண்ணப்பித்தபோது விழுந்த என்கொயரி அப்படியே இருக்கும்.

பலரையும் கவிழ்ப்பது பெரிய பாக்கி அல்ல, ஆண்டுக் கட்டணம். தள்ளுபடிக்காக வாங்கி அலமாரியில் போட்ட கார்டுக்கு இரண்டாம் ஆண்டு 499 ரூபாய் கட்டணம் வந்தது என்று வையுங்கள். பில்லை யாரும் பார்க்கவில்லை. கெடு தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் போனால் அதைப் பாக்கியாக ரிப்போர்ட் செய்யலாம். 499 ரூபாய் பாக்கியும் தாமதம்தான், என்கொயரியைவிட இது அதிகம் அடிக்கும். வேண்டாத கார்டு என்றால் பாக்கியை முடித்துவிட்டு மூடச் சொல்லுங்கள். 7 வேலை நாட்களில் மூடாவிட்டால், பாக்கி இல்லாத பட்சத்தில், நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும்.

நீங்கள் கேட்காத என்கொயரியோ, உங்களுடையதல்லாத கணக்கோ ரிப்போர்ட்டில் இருந்தால் வங்கியிடமோ கிரெடிட் நிறுவனத்திடமோ புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீர்க்கவில்லை என்றால் அதன் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் பலன் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். எப்படிப் புகார் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள அழைக்க வேண்டிய எண் 14448.